முந்திரிகை பிடுங்கிய சனிக்கிழமை

என் மாமி இறந்த செய்தியை நான் என் கணவரிடம் இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். நானே சொன்னால் முன்னுக்குப் பின் முரணில்லாமலாவது இருக்கும்.

திராமன் நகரைத் தாண்டி ஒரு மணித்தியாலம் வண்டி ஓடினால், கடலைப் பார்த்த ஒரு சரிவில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. நோர்வேயில் திராட்சையா என்று கேட்காத மனிதர் இல்லை. சொலாரிஸ் என்று ஒரு வெள்ளைத் திராட்சை. குளிருக்கும் தாங்கும், பூஞ்சணத்துக்கும் தாங்கும். சரிவு தெற்குப் பார்த்திருப்பதால் கோடையில் இரவு பத்து மணி வரைக்கும் வெயில் விழும். பழைய மாட்டுக் கொட்டிலை இடித்துக் கட்டி ஒரு பிழிபொறியும் மூன்று உருக்குத் தாங்கிகளும் வைத்திருக்கிறோம். அதுதான் எங்கள் வைன் ஆலை. ஆலை என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும்.

கிழமையில் ஐந்து நாளும் நாங்கள் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில், ஏழாம் மாடி வீட்டில். அவர் பஸ் ஓட்டுகிறார், நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில். வெள்ளி பின்னேரம் வான் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் ஞாயிறுதான் திரும்புவது. லீவு கிடைக்கிற நாட்களெல்லாம் அங்கேதான். வைன் செய்யலாம் என்ற எண்ணம் அவருடையது. ஏதோ ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்த்துவிட்டு மூன்று மாதம் அதையே கதைத்தார். பேச்சு அவருடையது, முழங்கால் என்னுடையது. கொடியை எந்த மொட்டோடு வெட்டுவது, எந்த இலையைக் கிள்ளினால் குலைக்கு வெயில் படும் என்பதெல்லாம் நான் குனிந்து நிமிர்ந்து படித்தவை.

மருந்து என்று ஒரு துளி நாங்கள் அடிப்பதில்லை. இலையுதிர்காலப் புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்குகிற கடற்பாசியை வண்டிலில் அள்ளி வந்து குவித்துவிடுவேன். ஒரு மாரி முழுக்க மழையில் உப்புக் கழுவுப்பட்ட பிறகு அதைக் கொடிகளின் அடியில் பரப்புவேன். வரிசைகளுக்கு இடையில் குளோவர் புல். அறுவடை முடிந்ததும் பக்கத்துப் பண்ணை ஆடுகளை உள்ளே விட்டால் களையைத் தின்று எருவையும் போட்டுவிட்டுப் போகும். எட்டு வருடத்தில் அந்த மண் கறுத்துப் புட்டுமா மாதிரி உதிர்ந்தது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் எது என்று கேட்டால், அந்த மண்ணைத்தான் காட்டுவேன்.

நிலம் ஹன்னா என்ற நோர்வேக்காரியுடையது. தகப்பன் விட்டுப்போன பண்ணை. அவளுக்குப் பண்ணையில் ஆசையில்லை. பத்து வருடக் குத்தகைக்கு எங்களிடம் தந்திருந்தாள். கொடி காய்க்கவே நாலு வருடம் போய்விட்டது. முதலிரண்டு காய்ப்பும் கைப்பிடியளவு. பிறகு ஒரு வருடம் மே மாதத்துப் பனி மொட்டையெல்லாம் கருக்கியது. அடுத்த வருடம் என் கணவர் வலையின் ஒரு மூலையைக் கட்ட மறந்ததால் குருவிக்கூட்டம் உள்ளே போய்த் திருவிழாக் கொண்டாடியது. ஹன்னா நியாயமானவள். ஒன்பதாவது வருடம் வசந்தத்தில் வந்து, ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். இந்த முறையாவது ஒழுங்கான வைன் போத்தலில் வந்தால் இன்னும் பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாளாம். வராவிட்டால், கோடைவீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிடுவாளாம்.

அந்த வருடம் காய்த்தது. அப்படிக் காய்த்ததை நான் கண்டதில்லை.

திராட்சையை எங்கள் ஊரில் முந்திரிகை என்போம். 'முந்திரிகைத் தோட்டம்' என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்கு உறுத்தாமல் இருக்கும். வைன் என்ற சொல்லை எடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். சனிக்கிழமைக் கொண்டாட்டங்களில் விஸ்கிப் போத்தலை மேசைக்குக் கீழே வைத்துக் குடிக்கிற அதே முகங்கள்தான். ஆனாலும் அறுவடைக்குக் கூப்பிட்டால் வருவார்கள். நோர்வேக்காரரின் டுக்னாட் போல, எல்லோரும் சேர்ந்து கை கொடுக்கிற வேலை. பழம் பிடுங்கிவிட்டு, ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டு, கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு முப்பது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வியாழன் பின்னேரம் மூன்று மணி. அந்தக் கிழமை நாங்கள் இருவரும் லீவு. நான் மேல் வரிசையில் நின்று, பழத்தை நசித்து ஒரு துளிச் சாற்றைச் சீனி அளக்கிற குழாயின் கண்ணாடியில் விட்டு, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனி சரியாக ஏறியிருந்தது. ஞாயிறு தொடங்கி ஒரு கிழமைக்கு அடைமழை என்று வானிலை சொன்னது. பழுத்த சொலாரிஸில் மழை விழுந்தால் தோல் வெடிக்கும். குளவி வரும், அழுகல் வரும், மூன்று நாளில் எல்லாம் போய்விடும். சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. என் கணவர் பாலேந்திரன் எந்தக் காலத்திலும் தொலைபேசியைக் கையில் வைத்திருப்பதில்லை என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் என்னுடைய நம்பருக்குத்தான் எடுப்பார்கள். எடுத்தது அவருடைய தமையன் யோகராசா. நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன்.

"பிள்ளை, அம்மா மோசம் போட்டா. மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவ, எழும்பேல்லை."

நான் வரப்பில் இருந்துவிட்டேன். மாமி என்னோடு இரண்டு தரம்தான் சண்டை பிடித்தவ. மாமிமாருக்கு அது குறைவு.

"தம்பி எப்ப வெளிக்கிடுவான்? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உடம்பை வைச்சிருக்கலாம். அவன்தானே கொள்ளி வைக்கோணும்."

தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன். எங்களில் கொள்ளி வைக்கிற முறை அதுதான். வெளிநாட்டுப் பிள்ளை வந்து சேரும்வரை உடலைப் பதப்படுத்தி வைத்திருப்பதும் இப்போது ஒரு முறையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம் ஏறினால் சனி இரவு வீட்டில் நிற்கலாம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. கீழே கொட்டில் வாசலில் பாலேந்திரன் பழப்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. குழாய்த் தண்ணீரைத் தன் காலிலும் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் போவார். ஹவுகன்ஸ்டுவா வீடு துக்கம் விசாரிக்க வருகிறவர்களால் நிறையும், நான் அங்கே இருக்க வேண்டும். முப்பது பேரில் ஒருத்தரும் சாவுத் தீட்டுப்பட்ட துடக்கு வீட்டுத் தோட்டத்துக்கு வரமாட்டார்கள். ஞாயிறு மழை வரும். ஹன்னா நிலத்தை விற்பாள். அந்தக் கறுத்த மண்ணுக்கு மேல் யாரோ கொங்கிறீற் கொட்டிக் கோடைவீடு கட்டுவார்கள். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவருக்காகச் செய்தேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லிப் பார்த்தேன். பொய். எனக்காகத்தான் செய்தேன்.

"பெரியத்தான், அவருக்கு நெஞ்சு நோவு. டொக்டர் பிளேன் ஏறக் கூடாதெண்டிட்டார். இதைச் சட்டெண்டு சொன்னால் தாங்கமாட்டார். நான் மெல்ல மெல்லச் சொல்லுறன். நீங்கள் அவருக்கு எடுக்காதேங்கோ."

"ஐயோ! அப்ப கொள்ளி?"

"நீங்களே வையுங்கோ. உடம்பை வைச்சிருக்க வேண்டாம்."

அவர் பக்கத்தில் நின்ற யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "சனிக்கிழமை எடுப்பம் பிள்ளை. அவனைக் கவனமாய்ப் பார்" என்றார். இந்த வார்த்தைக்காகவே நான் நரகத்துக்குப் போவேன்.

சனிக்கிழமை காலை முப்பது பேரும் வந்து இறங்கினார்கள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பாலேந்திரன் எல்லோருக்கும் கத்தரிக்கோல் கொடுத்து, "பெட்டிக்குள்ளை போடுங்கோ, வாய்க்குள்ளை போடாதேங்கோ" என்று பகிடி விட்டார். நான் கறிக்கு அடுப்பு மூட்டிவிட்டு, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அறுபத்தெட்டு வயதுப் பெரியத்தான் மொட்டந்தலையோடு தோளில் கொள்ளிக்குடத்தைச் சுமந்துகொண்டு பாடையைச் சுற்றி நடந்தார். இரண்டு தரம் தடுமாறினார். வெளியே பிடுங்குகிறவர்களின் சிரிப்புச் சத்தம். நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன், பிறகு போய்க் கறியைக் கிளறினேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைசிப் பெட்டி கொட்டிலுக்குள் வந்தது. பாலேந்திரனைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு கத்துக் கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். அத்தனை பேருக்கும் நடுவில் நிலத்தில் விழுந்து தலையில் அடித்தார்.

"என்ரை அம்மாவுக்குக் கொள்ளி வைக்க விடாமல் பண்ணிப்போட்டாளே! ரெண்டு நாளாய் மறைச்சுப்போட்டாளே, பாவி!"

அன்றிலிருந்து நான் பாவி. பிடுங்க வந்திருந்த கபிலனின் மனைவி, மறுநாள் கோவிலில் அபிஷேகம் வைத்திருந்தவள், துடக்கு வீட்டுச் சோற்றைத் தின்ன வைத்துவிட்டேன் என்று எனக்கு முன்னாலேயே துப்பினாள். மாமி செத்ததைவிட அந்தச் சோறுதான் சனத்துக்குப் பெரிதாக இருந்தது. கடையில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார்கள். என் மகள் மிதுனா, இருபத்துமூன்று வயது, தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு மாதம் அவருக்குச் சாப்பாடு ஊட்டினாள். என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அப்பம்மாவை விட உங்களுக்கு அந்தப் பழம் பெரிசோ அம்மா?"

தகப்பன் மிச்சம் வைத்த கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுவினேன்.

பாலேந்திரன் படுக்கையை வரவேற்பறைக்கு மாற்றினார். என்னோடு கதைப்பது தோட்டத்து வேலை பற்றி மட்டும். பெரியத்தானுக்கு எடுத்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று ஒரு நாள் சொன்னபோது, "அண்ணை உன்ரை குரலையே கேக்க விருப்பமில்லையாம்" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எதைச் சொன்னாலும் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாயைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

வைன் நன்றாக வந்தது. ஆப்பிளும் தேனும் கடலுப்பும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். ஹன்னா ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடி, பிறகு பேனாவை எடுத்தாள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்து படம் பிடித்தார்கள். போத்தலுக்கு 'கமலா' என்று பெயர் வைத்தார் பாலேந்திரன். மாமியின் பெயர் கமலாதேவி. வாழ்நாளில் சாராய வாசம் பட்டாலே சேலைத் தலைப்பால் மூக்கை மூடுகிற மனுசி, இப்போது போத்தலில் ஒட்டப்பட்டிருந்தா. தோட்டத்தைப் பார்க்க வருகிற நோர்வேக்காரருக்கு அவர் கடற்பாசியைக் காட்டுவார், ஆடுகளைக் காட்டுவார், மண்ணைக் கையில் அள்ளி மணந்து பார்க்கக் கொடுப்பார். கடைசியில், அறுவடை நாளில் தாயை இழந்த கதையைச் சொல்வார். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். நான் பின்னால் நின்று கிளாஸ் கழுவுவேன்.

ஒரு வருடம் ஓடி, மாமியின் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசம் வந்தது. ஹவுகன்ஸ்டுவா வீட்டில் ஐயரைக் கூப்பிட்டுச் செய்தோம். தோட்டத்தில் பழம் பழுத்து நின்றது. அடுத்த சனிக்கிழமை பிடுங்க வேண்டும். வரவேற்பறை முழுக்க ஆட்கள், போன வருடம் பிடுங்க வந்த அதே ஆட்கள். சாப்பாட்டைச் சமைத்தது நான், பரிமாறியது மற்றவர்கள். என் கையால் வாங்க இன்னும் சிலருக்குக் கூச்சம்.

மிதுனா தன் தொலைபேசியில் பெரியத்தானுக்குப் படையலைக் காட்டிக்கொண்டிருந்தாள். யாரோ வடை கேட்டார்கள். "ஒருக்கால் பிடியுங்கோ" என்று என்னிடம் தொலைபேசியைத் தந்துவிட்டுப் போனாள். திரையில் பெரியத்தானின் முகம். ஒரு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். நன்றாக இளைத்திருந்தார். நான் குசினிக்குள் போய்க் கதவோடு சாய்ந்து நின்றேன்.

"பெரியத்தான், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"என்னத்துக்குப் பிள்ளை? ஒரு வருசமாய் ஒருக்கால்கூட எடுக்கேல்லை எண்டு எனக்குத்தான் கவலை. தம்பி சொன்னவன், உனக்கு வேலை கூட எண்டு."

"நான் அவரை வர விடாமல்..."

"அதை விடு பிள்ளை. நெஞ்சு நோவோடை பிளேன் ஏறி அவனுக்கும் ஒண்டு நடந்திருந்தால்? அவனே சொன்னவன்தானே, நீ சொன்னதுதான் சரியெண்டு. வெள்ளிக்கிழமை காலமை எடுத்து அழுதவன்."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"செத்தவீட்டுக்கு முதல்நாள். கனடாவிலை இருந்து ஆரோ அவனுக்கு அனுதாபம் எண்டு மெசேஜ் போட்டிட்டினம். உடனை எனக்கு எடுத்திட்டான். நான் கேட்டனான், வாறியோ, நாளைக்கு எடுக்காமல் ஞாயிறு வரைக்கும் வைச்சிருக்கட்டோ எண்டு. இல்லையண்ணை, நெஞ்சு இன்னும் நோகுது, நீங்களே வையுங்கோ எண்டவன். இதொண்டும் உனக்குத் தெரியாதோ?"

அடுப்பில் பாயாசம் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்தேன். கரண்டியைக் கழுவி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பொய்யை, நான் சொன்ன நெஞ்சு நோவைக்கூட விடாமல், அப்படியே தூக்கித் தன் தோளில் போட்டிருக்கிறார். பகிடி விட்டுக்கொண்டு பழம் பிடுங்கியிருக்கிறார். கொட்டிலுக்குப் பின்னால் நான் சொன்னபோது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, எப்படிக் கத்துவது என்றுதான் யோசித்திருக்கிறார். தாய் செத்த துக்கத்தை நான் இரண்டு நாள் மறைத்தேன். அவர் ஒரு வருடம் என்னை விற்றிருக்கிறார்.

தொலைபேசியோடு வரவேற்பறைக்குப் போனேன். பாலேந்திரன் வேட்டியும் சால்வையுமாக நடுவில் இருந்து, யாருக்கோ மாமியின் கைப்பக்குவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தொலைபேசியின் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன்.

"பெரியத்தான், இப்ப சொன்னதை இன்னொருக்கால் சொல்லுங்கோ. எல்லாரும் இருக்கினம்."

அவர் பாவம், ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். கனடா மெசேஜ், வெள்ளிக்கிழமை காலை, நெஞ்சு நோவு, நீங்களே வையுங்கோ அண்ணை. ஒவ்வொரு சொல்லும் அந்த அறையில் தெளிவாகக் கேட்டது. வாழையிலையில் கை வைத்தபடி எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த முகங்களை நான் நிமிர்ந்து பார்த்தேன். மிதுனா தகப்பனைப் பார்த்தாள்.

பாலேந்திரன் சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"நான் வேறை என்ன செய்யிறது? அவள் ஏற்கெனவே அங்கை சொல்லிப்போட்டாள்தானே. ஆரோ ஒராள் பழியைச் சுமக்கத்தானே வேணும்."

இப்போது யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொன்னார்கள். முதலில் வாயைத் திறந்தவள் கபிலனின் மனைவி.

"ஐயோ பாவம். ஒரு வருசமாய் இதைத் தனிய நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறார்."

"ஆம்பிளையள் வெளியிலை சொல்லமாட்டினம்" என்றார் ஒருவர். "வீட்டுக்காரி முடிவெடுத்த பிறகு அவன் என்ன செய்யேலும்?" என்றார் இன்னொருவர். கபிலன் எழுந்து போய் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தார். எனக்கு ஒரு வருடமாகக் கிடைக்காதது, அவருக்கு ஒரு வடை தின்று முடிக்கிற நேரத்துக்குள் கிடைத்துவிட்டது.

மிதுனா அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அவள் என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். தகப்பனின் தோளில் கையைப் போட்டாள்.

"அம்மா, இதை எல்லாருக்கும் முன்னாலை செய்யத்தான் வேணுமோ?" என்று கேட்டாள்.

தொலைபேசிக்குள் பெரியத்தான் இன்னும் "பிள்ளை, பிள்ளை, என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி நிறுத்தினேன்.

"சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள், அவர் நெஞ்சை வேறை பொத்துறார்" என்றாள் கபிலனின் மனைவி என்னிடம். "அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணி கொண்டு வாங்கோ."

நான் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்து, குளிர்ந்து வரும்வரை ஓடவிட்டு, ஒரு கிளாஸ் நிறையப் பிடித்தேன். கதவடியில் நின்று, அவர்கள் எல்லோரும் பார்க்க, அதை நானே குடித்தேன்.